நீலாவதியின் வலது கை

நாற்பத்தோரு வயதுவரை நீலாவதி கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. மலேசியாவில் லிங்கி பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கிற ஒரு தோட்டத்தில் அவள் வீடு. மோட்டார் சைக்கிளை எடுத்தால் இருபது நிமிடத்தில் கடற்கரை. பதினோரு வருடமாக வேலை பார்ப்பதும் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு ஹோட்டலில்தான். ஆனால் அவள் இருப்பது பின்பக்கத்து லாண்டரியில். அங்கே ஜன்னலைத் திறந்தால் தெரிவது தண்ணீர்த் தொட்டியும் கார் நிறுத்துமிடமும்.

ஹோட்டல் கடற்கரையில் கயாக் வாடகைக்கு விடுகிற வசந்தன் ஒருநாள் ஈரத் துண்டு மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "அக்கா, ஒருவாட்டி ஏறித்தான் பாருங்களேன். தண்ணி இன்னைக்கு அசையாம கெடக்கு," என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் வேலை முடிந்ததும் போய் ஏறிவிட்டாள். கரையை விட்டு நூறு அடி தள்ளியதும் லாண்டரி எந்திரங்களின் இரைச்சல் காதிலிருந்து போய்விட்டது. அது போன பிறகுதான் அத்தனை வருடம் அது காதுக்குள்ளேயே இருந்தது அவளுக்குத் தெரிந்தது. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

அவள் கணவர் நல்லசாமி தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். "ஆத்துல முதலை இருக்குனு போர்டு போட்டு வச்சிருக்கான். ஒனக்கு எதுக்கு நீலா இந்த வேலை?" என்று முதலில் கேட்டார். மகள் ரோகினி படிப்புக்காக ஹாஸ்டலுக்குப் போய்விட்ட வீட்டில் மனைவி சாயங்காலம் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து அனுஷியா வந்தாள். லோபாக்கில் வீடு, சிரம்பானில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை, முப்பத்து மூன்று வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது துடுப்புப் போட்டியெல்லாம் போனவள். ஆகஸ்டு மாதம் நடக்கிற இருபது கிலோமீட்டர் கடல் போட்டிக்கு, பெண்கள் இரட்டைக் கயாக்கில் தன்னோடு உட்கார ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தாள். எதிர்க்காற்றில் தனியாகத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்த நீலாவதியைப் பார்த்துவிட்டு நேராகப் போய், "அக்கா, என்கூட ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் மொறையா தெரியாது டீச்சர்."

"மொறை எனக்குத் தெரியும். ஒங்க தோள் எனக்கு வேணும்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் கடலுக்கென்று ஆனது. முன்னால் அனுஷியா, பின்னால் நீலாவதி. பின்னால் இருக்கிறவர்தான் படகைத் திருப்ப வேண்டும், அலை பக்கவாட்டில் வந்தால் கவிழாமல் பிடிக்க வேண்டும். அந்த இடம் நீலாவதிக்குச் சட்டென்று பொருந்திவிட்டது.

பொருந்தாமல் போனது கைதான். லாண்டரியில் தினமும் சோப்புத் தண்ணீர், பிளீச், சூடான துணி. தோல் ஏற்கெனவே காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. துடுப்பு வந்த பிறகு அந்தக் காய்ந்த தோலின்மேல் காப்புக் காய்த்தது. வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்குக் கீழே இருந்த காப்பு சோடா மூடி அளவுக்குத் தடித்து, ஓரமெல்லாம் உரிந்து, கூராக நின்றது. பெட்ஷீட்டை மடிக்கும்போது நூலை இழுத்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை சத்தம் போட்டாள்.

அனுஷியா அதைப் பார்த்ததும் சொன்னாள். "இத இப்படி விடக்கூடாது நீலாக்கா. குளிச்சிட்டு தோல் ஊறியிருக்கும்போது கால் தேய்க்கிற கல்லால லேசா தேச்சு மட்டமாக்கணும். படுக்கறதுக்கு முன்னாடி கிரீம் போடணும். மேடு நின்னுச்சுன்னா துடுப்பு அதத்தான் பிடிச்சு இழுக்கும். அடியோட பேத்துக்கிட்டு வந்துரும்."

"தேச்சா கை பூஞ்சையாயிரும் டீச்சர். இது வர்றதுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"மொத்தமா எடுக்கச் சொல்லல. மட்டமாக்கத்தான் சொல்றேன்."

நீலாவதி தலையை ஆட்டினாள், செய்யவில்லை. வசந்தனிடம் கையை விரித்துக் காட்டும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. சோப்புத் தண்ணீரால் வந்ததில்லை, கடலில் சம்பாதித்தது என்று ஒரு பெருமை.

போட்டிக்குப் பதினான்கு நாள் இருந்தது. அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவரும் தெற்கே லிங்கி ஆற்று முகம் வரைக்கும் போய்த் திரும்புவதென்று கிளம்பினார்கள். வானம் வெளுப்பாக இருந்தது. எட்டு கிலோமீட்டர் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு மேற்கே கடலுக்கு மேல் கரும்பட்டையாக ஒன்று எழும்புவதை அனுஷியா பார்த்தாள்.

"சுமத்ரா காத்து. புயலாட்டம் வந்து அடிக்கும். திரும்பிப் போக நேரம் இருக்காது. ஆத்துக்குள்ள ஏறிருவோம்."

வேகத்தைக் கூட்டினார்கள். நீலாவதி படகின் மூக்கைத் திருப்ப வலப்பக்கம் துடுப்பை ஆழமாகப் போட்டு இழுத்தாள். கைக்குள் ஏதோ நகர்ந்தது. வலி உடனே வரவில்லை. முதலில் ஒரு சூடு, பிறகு துடுப்புத் தண்டு வழுக்கியது. குனிந்து பார்த்தாள். காப்பு ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு மூடிபோலத் திறந்து கிடந்தது. அடியில் பச்சைச் சதை. உப்புத் தண்ணீர் பட்டதும் அவளுக்குக் கண் இருட்டியது.

"நீலாக்கா, ஒங்க பக்கம் விட்டுப்போகுது. தாளம் விடாதீங்க."

"விடல. நீங்க போடுங்க."

காற்று வந்து அடித்தது. ஒரு நிமிடத்தில் தண்ணீர் வேறு தண்ணீராக மாறியது. ஆற்று முகத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ள, கடல் அலை உள்ளே தள்ள, இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. வலப்பக்கம் கல் அணை. அதில் மோதிய நுரை மேலே எழும்பி விழுந்தது. படகு அந்தப் பக்கமாகவே இழுபட்டது. அதை விலக்க வேண்டியவள் நீலாவதி. அதற்கு வலது கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கைக்குள் ரத்தம் வழுக்கியது. வழுக்கும்போது இன்னும் இறுக்கினாள். இறுக்கும்போது தோல் இன்னும் கிழிந்தது.

"அக்கா, கல்லு!"

"தெரியுது."

"வலது பக்கம் போடுங்க, வலது!"

பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து இழுப்பு போட்டாள். எண்ணிக்கொண்டே போட்டாள். பதினைந்தாவதில் கல் அணையின் முனை அவர்கள் தோளுக்கு நாலடி தூரத்தில் கடந்து போனது. அதற்குள் மழை மூடிக்கொண்டது. ஆற்றோரச் சதுப்பில், காண்டா மரங்களின் வேர்களுக்கிடையில் படகு சேற்றில் ஏறி நின்றது. நீலாவதி இறங்கும்போது தடுமாறி, விழாமலிருக்க வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு வரைக்கும் கறுப்புச் சேற்றில் போனது. அடியில் எதுவோ குச்சியாகக் குத்தியது.

மழை விட முக்கால் மணி நேரம் ஆனது. அனுஷியா குளிரில் நடுங்கிக்கொண்டே, "கையக் காட்டுங்க," என்றாள்.

"லேசா உரிஞ்சிருக்கு."

"காட்டுங்க."

நீலாவதி கையை மூடிக்கொண்டு தண்ணீரில் அலசப் போனாள். "வூட்டுல போயி மருந்து போட்டுக்கறேன் டீச்சர். காத்து நின்னுருச்சு, வாங்க கெளம்பலாம்."

திரும்பி வந்த அந்தப் பத்து கிலோமீட்டரை எப்படி வந்தாளென்று அவளுக்கே பிறகு நினைவில்லை.

வீட்டில் தொங்கிய தோலைப் பழையபடி மூடி, பிளாஸ்டர் போட்டு இறுக்கி ஒட்டினாள். நல்லசாமி கேட்டதற்குத் துடுப்பு உரசிவிட்டது என்றாள். திங்கட்கிழமை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். உள்ளே வேர்வையில் கை ஊறியது. கூட வேலை செய்கிற மங்கம்மா, "என்னாடி கைய மாருலயே அணைச்சிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். அன்று பூராவும் மழை. சாயங்காலம் கை உள்ளிருந்து தட்டியது, இதயம் அங்கே இறங்கிவிட்டதுபோல. இரண்டு வலி மாத்திரை போட்டாள்.

"கிளினிக் போவம் நீலா," என்றார் நல்லசாமி.

"போனா கைய நனைக்காதேம்பாங்க. இன்னும் பதிமூணு நாளுதான் இருக்கு."

"இருந்தா என்னா?"

அவள் மாத்திரை அட்டையை எடுத்து உள்ளே வைத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. அதற்காகப் பிறகு அவர் தன்னைத்தானே நிறைய நாள் திட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. குளிர்க்காய்ச்சல் என்று மங்கம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். அனுஷியாவின் இரண்டு அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாவது அழைப்புக்குப் பதிலாகப் பிற்பகல் மூன்று மணிக்கு அனுஷியாவின் கார் வாசலில் வந்து நின்றது. நல்லசாமி தோட்டத்துக்குள் வேலைக் காட்டில் இருந்தார்.

நீலாவதி நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அனுஷியா கேட்கவில்லை. போர்வையை விலக்கிக் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை பளபளவென்று வீங்கியிருந்தது. பிளாஸ்டர் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி, யாரோ பேனாவால் இழுத்ததுபோல், ஒரு சிவப்புக் கோடு.

"இது எப்ப வந்துச்சு?"

"காலையில மணிக்கட்டுல இருந்துச்சு."

கோடு இப்போது முழங்கைக்கு நாலு விரல் கீழே நின்றது. அனுஷியா கைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்துக் கோடு முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 3.10 என்று எழுதினாள்.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரி."

"டீச்சர், மாத்திரை..."

"எந்திரிங்கக்கா."

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. இரண்டு நாள் மழையில் மதகுப் பக்கம் பாதை அரித்துப் போயிருந்தது. வரும்போது ஓரமாக ஏற்றித் தப்பித்த கார், போகும்போது முன் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. அனுஷியா அழுத்த அழுத்தச் சக்கரம் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு இன்னும் ஆழமாக இறங்கியது. இரு பக்கமும் செம்பனை. ஆள் இல்லை. நீலாவதி போனை எடுத்தாள். இடது கைக்கு விரல் சரியாக வரவில்லை.

"ஏங்க," என்றாள் நல்லசாமியிடம். "மதகுகிட்ட வாங்க. டிராக்டரோட வாங்க. எனக்குக் கை..." குளிரில் பல் கிட்டியது.

அவர் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அனுஷியா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டிராக்டர் வர வேண்டிய பக்கம் பார்ப்பாள். நீலாவதியும் குனிந்து பார்த்தாள். சிவப்பு, பேனாக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது.

"கைய எடுத்துருவாங்களா டீச்சர்?"

"தெரியாது." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "சீக்கிரம் போனா ஒண்ணும் ஆகாது."

டிராக்டர் சத்தம் கேட்டது. நல்லசாமி இறங்கி மனைவியின் கையை ஒரு தடவை பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. சங்கிலியை மாட்டினார். இரண்டாவது இழுப்பில் கார் மேலே ஏறியது. டிராக்டரை அப்படியே பாதையில் விட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது கோடு முழங்கை மடிப்பைத் தொட்டிருந்தது. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. பேனாக் குறியையும் நேரத்தையும் பார்த்த டாக்டர் அனுஷியாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே கட்டிலுக்கு அனுப்பினார். ஊசி வழியாக மருந்து ஏறியது. உள்ளங்கையைக் கீறிச் சீழை எடுத்தபோது, மரக்குச்சியின் சிம்பு ஒன்று அரை அங்குல நீளத்தில் வந்தது. சேற்றில் குத்தியது.

மறுநாள் காலை கோடு மங்கத் தொடங்கியது. "கை பொழச்சிக்கும்," என்றார் டாக்டர். "ஒரு நாள் தள்ளி வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்." ஆறு வாரம் துடுப்பைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

அன்று மாலை அனுஷியா பார்க்க வந்தாள். நல்லசாமி தேநீர் வாங்க வெளியே போனார்.

"வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டு போங்க டீச்சர்," என்றாள் நீலாவதி. "எனக்காக நிக்காதீங்க."

"போட்டிய விடுங்க. கல்லு அணைகிட்ட நம்ம ரெண்டு பேரும் போயிருப்போம். அது தெரியுமா ஒங்களுக்கு?" அனுஷியா குரலை உயர்த்தவில்லை. "கை கிழிஞ்சிருச்சுனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் முன்னாலருந்து திருப்பியிருப்பேன். ஒங்க கை இருக்குனு நெனச்சி நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அது இல்ல."

நீலாவதி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா நிறுத்திருவீங்க. இந்த வயசுல ஒருவாட்டி நின்னுட்டா மறுபடி யாரு கூப்புடுவாங்க? நீங்க நல்ல ஆளாப் பாத்துப் போயிருவீங்கனு பயந்தேன்."

அனுஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பைத்தியமாக்கா நீங்க," என்றாள்.

நீலாவதி வற்புறுத்தியதால் அனுஷியா பழைய தோழி ஒருத்தியோடு ஆகஸ்டு போட்டிக்குப் போனாள். நீலாவதி கரையில் நின்று பார்த்தாள். அவர்கள் நான்காவதாக வந்தபோது கைதட்ட முடியவில்லை. இடது கையால் தொடையில் தட்டினாள். பின் இருக்கையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை நல்லசாமியிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டு பிரித்தபோது புதுத்தோல் ரோஜா நிறத்தில், வெங்காயத் தோல்போல இருந்தது. தொட்டால் கூசியது. அப்போதுதான் அவள் தன் கையை வேலைக்காரியை நடத்துவதுபோல் நடத்துவதை நிறுத்தினாள். லாண்டரியில் ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டாள், அது நனைந்தால் மாற்றினாள். சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, மேடு எழும்புகிற இடத்தை மட்டும் கல்லால் நாலு தேய்ப்பு. காய்ந்த தோலைப் பல்லால் கடித்து இழுக்கிற பழக்கத்தை விட்டாள். அனுஷியா மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தாள். நல்லசாமி டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யூரியானு போட்டுருக்கே. செம்பனைக்கு நான் மூட்டை மூட்டையா ஏத்துறது இது," என்றார்.

"கைக்கும் போடுவாங்களாம்."

"காய் காய்க்காம இருந்தா சரி," என்றார். பல வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அந்தக் கிரீமை இரவில் மட்டும் போட்டாள். கடலுக்குப் போகிற காலையில் போட்டால் துடுப்பு வழுக்கும். கரைக்கு வந்ததும் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டாள். பிடிப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம். இறுக்கிப் பிடித்தால்தான் பலம் என்று பழகிய கைக்கு, விரலைத் தளர்த்திக் கொக்கிபோல் மாட்டி இழுக்கச் சொல்லித்தர இரண்டு மாதம் ஆனது.

நவம்பரில் மலாக்கா பக்கத்தில் இன்னொரு போட்டி. பதினெட்டு கிலோமீட்டர். அனுஷியா வேறு யாரையும் கேட்கவில்லை. போட்டி அன்று காலை நீலாவதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடல் கொஞ்சம் கிளர்ந்திருந்தது. பத்துக் கிலோமீட்டர் வரை ஐந்தாவதாகப் போனார்கள். முன்னால் போன படகு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தெரிந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில், அதே மோதிர விரலுக்குக் கீழே, சூடு.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். இன்னும் கிழியவில்லை. இன்னும் ஆறு கிலோமீட்டர். பத்து இழுப்பு போட்டாள். இன்னும் பத்து. முன்னால் அனுஷியாவின் தோள்கள் தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தன. வாய் திறந்தால் அந்தத் தோள்கள் நின்றுவிடும். முன்னால் இருக்கிற படகு போய்விடும். அலை ஒன்று பக்கவாட்டில் வந்து தூக்கியபோது கை ஒரு நூல் வழுக்கியது.

"அனு," என்றாள். முதல்முறையாகப் பெயரைச் சொன்னாள். "கை சுடுது. நிறுத்தணும்."

தோள்கள் நின்றன. அனுஷியா திரும்பவில்லை, துடுப்பைக் குறுக்கே வைத்துப் படகை நிலையாகப் பிடித்துக்கொண்டாள். "நான் புடிச்சிருக்கேன். நிதானமா கட்டுங்க."

நீலாவதி லைஃப் ஜாக்கெட் பையிலிருந்து துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். டேப்பைப் பல்லால் கிழித்தாள். முதல் சுற்று ஒட்டவில்லை, ஈரம். மறுபடி துடைத்தாள். இரண்டு படகுகள் அவர்களைக் கடந்து போயின. ஒன்றிலிருந்த பெண், "ஓக்கே கா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே போனாள். இரண்டாம் சுற்று ஒட்டியது. விரலை மடக்கிப் பார்த்தாள்.

"போலாம்."

"இப்ப எப்படியிருக்கு?"

"சுடுது. ஆனா கிழியல. வலது பக்கம் நான் கொஞ்சம் மெதுவாத்தான் போடுவேன். திருப்புறதுக்கு ஒங்க ஒதவி வேணும்."

"சரி. சொல்லிக்கிட்டே வாங்க."

அந்த ஆறு கிலோமீட்டரும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது பரவாயில்லை. இப்போது வலிக்கிறது. வலது பக்கம் நீங்கள் போடுங்கள். அலை வருகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரில் ஒரு படகை முந்தினார்கள். மொத்தத்தில் ஆறாவது.

கரையில் படகை இழுத்து மணலில் போட்டதும் அனுஷியா முதலில் டேப்பைப் பிரித்தாள். கொப்புளம் ஒன்று, பயறு அளவு, மூடியபடியே இருந்தது. நல்லசாமி நல்ல தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கைமேல் மெதுவாக ஊற்றினார். நீலாவதி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த போட்டி எப்போது என்று கேட்டாள்.